யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம்?

“நீங்க பிறந்ததிலேருந்தே கிறிஸ்டியனா சார், இல்ல நடுவுல மாறினீங்களா?”

பழகி நாலு நாள் ஆனதும், டீக்கடையிலோ அலுவலகத்திலோ நம் ஊர்க் கிறிஸ்தவர்களிடம் கேட்கப்படுகிற கேள்வி இது. கேட்பவர் பெரும்பாலும் தப்பான எண்ணத்தில் கேட்பதில்லை. சொந்த ஊர் எது, அப்பாவுக்கு என்ன வேலை என்று விசாரிக்கிற வரிசையில் இதுவும் வந்துவிடுகிறது. அவசரத்தில் இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. ஏனென்றால் திருச்சபை இதற்குச் சொல்லும் பதில் கேட்டவர் எதிர்பார்த்த இரண்டிலும் சேராது. பிறப்பால் யாரும் கிறிஸ்தவர் ஆவதில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறக்கலாம். கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தாய் தகப்பனும் ஞானப் பெற்றோரும் அந்தப் பிள்ளைக்காக வாக்குக் கொடுக்கிறார்கள். பிள்ளை வளர்ந்ததும் அதே வாக்கைத் தன் வாயால் சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். சி.எஸ்.ஐ. சபைகளில் இதைத் திடப்படுத்தல் என்பார்கள். கத்தோலிக்கர் உறுதிபூசுதல் என்பார்கள். பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தைக்கு ஞானஸ்நானமே கிடையாது. விவரம் தெரிந்த வயதில் தானாகக் கேட்டு வந்தால்தான் தண்ணீரில் இறக்குவார்கள். முறைகள் வேறு வேறு. எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: விசுவாசம் பிதுரார்ஜிதச் சொத்தாக வராது. ஐந்து தலைமுறையாகக் கோயிலுக்குப் போகிற குடும்பத்திலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் உள்ளே வரவேண்டும்.

சரி, உள்ளே வருவது என்றால் என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சில அடையாளங்கள் தெரியும். பெயர், கழுத்துச் சிலுவை, ஞாயிறு காலை ஆராதனை, டிசம்பர் பிறந்தால் வாசலில் தொங்கும் நட்சத்திரம், பொட்டு வைக்காத நெற்றி, சில சபைகளில் நகை போடாத கை. இவற்றில் ஒன்றுகூட இல்லாமலும் ஒருவர் கிறிஸ்தவராக இருக்க முடியும். எல்லாம் இருந்தும் இல்லாமல் போகவும் முடியும். ஆகவே இன்னும் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுவில் ஒரு ஆள் இருக்கிறார். கலிலேயா நாட்டில் நாசரேத் என்ற சிற்றூரிலிருந்து வந்த இயேசு. பொந்தியு பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை யூதேயாவில் ரோமானிய ஆளுநராக இருந்தான். அவன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 30-ல், அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். இதுவரை வரலாற்று ஆசிரியர்களும் ஒத்துக்கொள்வார்கள். இதற்குமேல் சொல்வதுதான் விசுவாசம்: கடவுள் அவரை உயிரோடு எழுப்பினார், அவரில் கடவுளே மனிதரைத் தேடி வந்தார். 325-ல் நைசியா நகரில் கூடிய ஆயர்கள் வகுத்துக் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான். இன்றும் கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சீர்திருத்தச் சபையாரில் பெரும்பாலோர் இதை ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆனால் அறிக்கையை மனப்பாடமாகச் சொல்வது மட்டும் ஒருவரைக் கிறிஸ்தவராக்கிவிடாது. அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், எதற்காக அவர்மேல் அத்தனை கோபம் வந்தது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். சுவிசேஷங்களை வாசித்துப் பாருங்கள். அவர் போதனைக்கு வந்த எதிர்ப்புக்கு ஈடாக அவர் சாப்பாட்டுக்கும் எதிர்ப்பு வந்திருக்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் பார் என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். ரோமானியருக்கு வரி வசூலித்துக் கொடுத்து, வசூலில் தங்களுக்கும் ஒதுக்கிக்கொண்ட ஆயக்காரர்களோடு அவர் பந்தியில் இருந்தார். ஊர் ஒதுக்கி வைத்த பெண்களை அருகே வர விட்டார். தொழுநோயாளி என்று அறியப்பட்ட சீமோனின் வீட்டில் சாப்பிட்டார்.

அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் கிட்டே போய்ப் பார்ப்போம். எரிகோ ஊரில் சகேயு என்று ஒரு தலைமை ஆயக்காரன். பணக்காரன், குள்ளமானவன், ஊரில் யாருக்கும் பிடிக்காதவன். இயேசு அந்த வழியாகப் போகிறார் என்று கேள்விப்பட்டு, கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாமல் ஒரு காட்டத்தி மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். இயேசு மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன் என்கிறார். ஊரே முணுமுணுக்கிறது. சகேயுவோ எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான்.

இதில் வரிசையைக் கவனியுங்கள். நீ பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன் என்று இயேசு சொல்லவில்லை. முதலில் வருகை, பிறகுதான் மனமாற்றம். சகேயு நல்லவனானதால் அவர் வரவில்லை. அவர் வந்ததால் அவன் நல்லவனானான். கிறிஸ்தவர்கள் ‘கிருபை’ என்று சொல்வது இதைத்தான். தகுதி பார்க்காமல் கிடைத்த வரவேற்பு. பெற்றுக்கொள்பவன் அதற்காக எதையும் முன்கூட்டிச் சம்பாதித்து வைக்கவில்லை.

“அப்படின்னா என்ன தப்பு வேணும்னாலும் பண்ணலாமா?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. வாடகைக்கு இருப்பவரும் வீட்டைக் கூட்டுகிறார், அந்த வீட்டுப் பிள்ளையும் கூட்டுகிறது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் வாடகைக்காரர் கூட்டுகிறார். பிள்ளைக்கு அந்தப் பயம் இல்லை. தன் வீடு என்பதால் கூட்டுகிறது. கிறிஸ்தவரின் நற்செயல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. பரலோகத்துக்கான வாடகையாக அதை யாரும் கட்டுவதில்லை. சகேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுத்ததும் அப்படித்தான். மன்னிப்பை விலைக்கு வாங்க அவன் அதைக் கொடுக்கவில்லை; மன்னிப்புக் கிடைத்த பிறகு அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

ஆக, கிறிஸ்தவராக இருப்பது என்றால் இதுதான்: தகுதியில்லாமலே ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டேன் என்று நம்புவது. அப்படி நம்பினால் உடனே இன்னொன்றும் தொடர்ந்து வரும். நான் விருந்தாளி. பந்தியில் யார் எங்கே உட்காருவது என்று பிரிக்கிற உரிமை விருந்தாளிக்குக் கிடையாது. அது விருந்து வைத்தவருடைய வேலை. அவரோ எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டார்.

சொல்வதற்கு எளிது. திருச்சபையின் முதல் பெரிய சண்டையே இதில்தான் வந்தது.

அந்தியோக்கியா, ரோமப் பேரரசின் மூன்றாவது பெரிய நகரம். இன்று துருக்கியில் அந்தாக்கியா என்ற பெயரில் இருக்கிறது. இயேசுவின் சீடர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதலில் வழங்கியது இங்கேதான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. இங்கே யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அன்றைய யூதருக்கு அது சின்ன விஷயமில்லை. உணவு, தீட்டு, தூய்மை பற்றிய முன்னோர் விதிகள் அவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியவை. அப்போஸ்தலர்களில் மூத்தவரான பேதுருவும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தார். பிறகு எருசலேமிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பேதுரு மெல்லப் பந்தியிலிருந்து விலகினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். எல்லோராலும் மதிக்கப்பட்ட பர்னபாவும் போய்விட்டார்.

அப்போஸ்தலர் பவுல் பொறுக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். தானே அதைக் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பதிவு செய்திருக்கிறார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இயேசு உயிர்த்தெழவில்லை என்று சொல்லவில்லை. எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆனால் பவுலின் கணக்கில் அது நற்செய்தியையே மறுத்தது. கிறிஸ்து ஏற்றுக்கொண்டவரோடு சாப்பிட மாட்டேன் என்றால், கிறிஸ்து ஏற்றுக்கொண்டது போதாது என்றுதானே பொருள்?

சில ஆண்டுகள் கழித்துக் கொரிந்து சபையில் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே பிரச்சினை பணம். வசதியானவர்கள் நேரத்தோடு வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்து தாமதமாக வருகிற ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள். இதை ஆண்டவருடைய விருந்து என்று சொல்லவே தகாது என்று பவுல் கடுமையாக எழுதினார். இன்று ஞாயிறுதோறும் உலகம் முழுக்க நடக்கிற நற்கருணை, திருவிருந்து பற்றி எழுத்தில் நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு இந்தக் கண்டிப்புக் கடிதத்தில்தான் இருக்கிறது.

வெளியார் ஒருவர் சாட்சியும் இருக்கிறது. கி.பி. 112 வாக்கில், கருங்கடலோர மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று தன் முன் கொண்டுவரப்படுகிறவர்களை என்ன செய்வது என்று யோசனை கேட்கிற கடிதம். விசாரித்ததில் தெரியவந்ததையும் அதில் எழுதுகிறார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாக எண்ணிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, நம்பிக் கொடுத்த பொருளை இல்லையென்று சாதிப்பதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். கலைந்து போய்த் திரும்பக் கூடிச் சாப்பிடுகிறார்கள். சாப்பாடும் சாதாரணச் சாப்பாடுதான் என்று குறிப்பிடுகிறார்.

உண்மையைக் கறப்பதற்காக இரண்டு பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவர் எழுதியிருக்கிறார். இருவரும் அடிமைகள். சபையில் ஊழியப் பொறுப்பில் இருந்தவர்கள். ரோமச் சட்டத்தில் அடிமை என்பது ஒரு உடைமை. ஆடுமாடு போல விற்கலாம், வாங்கலாம். அந்த உலகத்தில், ஒரு ஊர்க் கிறிஸ்தவர்கள் அடிமைப் பெண்கள் இருவரைத் தங்களுக்குப் பொறுப்பாளர்களாக வைத்திருந்தார்கள். அவர்கள் பெயரைக்கூடப் பிளினி குறிக்கவில்லை. கிறிஸ்தவம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், பெரிய பேராலயங்களைவிட இந்த இரு பெண்களைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பந்தி பல இடங்களில் உடைந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு மெதடிஸ்ட் கோயிலில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பின மக்களை எழுப்பி வேறு இடத்துக்குத் தள்ளினார்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ரிச்சர்ட் ஆலனும் அவர் தோழர்களும் வெளியேறினார்கள். அதன் தொடர்ச்சியாக 1816-ல் கறுப்பின மக்களுக்கென்று ஒரு தனித் திருச்சபை உருவானது. கிறிஸ்துவை விட்டு அவர்கள் விலகவில்லை. பந்தியைப் பிரித்தவர்களை விட்டுத்தான் விலகினார்கள்.

நம் மண்ணிலும் இதே கதை உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவத்தின் பெரும் கவிஞர். அவர் இயற்றிய கீர்த்தனைகளை இன்றும் கோயில்களில் உருகிப் பாடுகிறோம். 1820-களில் வந்த புதிய மிஷனரிகள், கோயிலில் சாதிவாரியாக உட்காருவதையும் திருவிருந்தில் வரிசை பார்ப்பதையும் நிறுத்தச் சொன்னபோது, அவர் அதை எதிர்த்து எழுதினார். சாதி வழக்கம் உலகக் காரியம், விசுவாசத்துக்கு அதனால் பாதகமில்லை என்பது அவர் தரப்பு வாதம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று ஆணை அனுப்பினார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் கோயிலுக்கு வருவதையே நிறுத்தினார்கள். சாஸ்திரியாரின் பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தியோக்கியாவில் பேதுருவின் பக்தியிலும் பவுலுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. பக்தி இருந்தும் பந்தியை விட்டு எழுந்துவிட முடியும் என்பதுதான் நாம் கற்க வேண்டிய பாடம்.

இன்னொரு ஊரையும் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை, குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்து, 1745-ல் இந்த ஊருக்கு வந்துதான் ஞானஸ்நானம் பெற்றார். தேவசகாயம் என்று பெயர் சூட்டினார்கள். உயர்ந்த நிலையில் இருந்தவர், சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், எல்லோரும் சமம் என்று பேசினார். சிறை, அடி, ஊர் ஊராக அவமானம் என்று மூன்று ஆண்டு கொடுமைக்குப் பிறகு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-ல் ஒரு புதிய கோயில் எழுந்தது. இரண்டு நீண்ட பகுதிகள் பீடத்தருகே வந்து சேருகிற அமைப்பு. ஒரு பகுதியில் ஒரு சாரார், மறு பகுதியில் மறு சாரார், நடுவில் தடுப்புச் சுவர். எல்லோரும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம். 1910-ல் கௌசானல் அடிகள் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனி இடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதியின் பெயரால் தனி இடம் கேட்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சுவர் விழுந்ததும் ஒரு காலத்தின் உண்மைதான், சுவர் எழுந்ததும் உண்மைதான். பந்தி கூடியதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒரே சபையாக இணைந்தார்கள். வெவ்வேறு வழியில் குருத்துவம் பெற்றவர்கள் ஒரே திருவிருந்து மேசையில் நின்றார்கள். உலகக் கிறிஸ்தவமே திரும்பிப் பார்த்த நிகழ்ச்சி அது. ஆனாலும் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இன்னும் ஒரே நற்கருணையில் பங்கெடுப்பதில்லை. அந்த வேலை பாக்கி இருக்கிறது.

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் போனால் ‘அசனம்’ என்று ஒரு வழக்கம் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை சபையார் அனைவரும் கோயில் வளாகத்தில் ஒன்றாகச் சாப்பிடுவது. முந்தின நாளே கோட்டை அடுப்பு வெட்டி, விறகு அடுக்கி, அண்டாக்களை ஏற்றிவிடுவார்கள். வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாரும் பனையேறுகிறவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வெந்த சோற்றை விரித்த பாய்களில் வெள்ளை வேட்டி போட்டுக் கொட்டுவார்கள், ஆவி பறக்க அது மலையாகக் குவிந்து கிடக்கும். சேகரத்து ஐயர் (சபைப் போதகர்) ஜெபம் பண்ணி முடித்ததும் பந்தி தொடங்கும். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. தரையில் வரிசை, முதல் வரிசை கடைசி வரிசை என்று மரியாதை வித்தியாசம் கிடையாது. அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீட்டார்களும் வருவார்கள். வரமுடியாத முதியவர்களுக்குத் தூக்குவாளியில் போகும். கிறிஸ்தவம் என்றால் என்ன என்று புத்தகமில்லாமல் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் இதைக் காட்டினால் போதும்.

மறுநாள் என்ன நடக்கிறது என்பதுதான் பரீட்சை. வரன் தேடும் விளம்பரங்களைப் பாருங்கள். ‘சி.எஸ்.ஐ.’ அல்லது ‘ஆர்.சி.’ என்று போட்டு, ஒட்டினாற்போலச் சாதிப் பெயரும் இருக்கும். கல்லறைத் தோட்டத்தில்கூட அவரவர் பக்கம் என்று பிரித்து வைத்திருக்கிற ஊர்கள் இன்றும் உண்டு. ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிட்டவர்கள், கல்யாணத்திலும் சாவிலும் பிரிந்துவிடுகிறார்கள். பேதுரு அந்தியோக்கியாவில் செய்ததுதான் இது. முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு பவுல் வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின் ஒருவருக்குச் சில சந்தேகங்கள் எழலாம். “சோத்துக்காக மாறினவங்கதானே சார் நிறையப் பேர்?” என்று கேட்பார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது, திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். பசியும் அதற்கு ஒரு காரணம், மறுக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு வெட்கமும் இல்லை. பசித்தவர் எங்கே சோறு கிடைத்ததோ, எங்கே மனிதராக மதித்தார்களோ, அங்கே போனார். இயேசு தம்மிடம் வந்த கூட்டத்துக்குச் சாப்பாடு போட்டாரே தவிர, எதற்காக வந்தீர்கள் என்று வாசலில் நிறுத்தி விசாரிக்கவில்லை. ஆனால் சோற்றைக் காட்டி ஒருவர் மனச்சாட்சியை விலைபேசினால் அது பாவம். விருந்தை அது வியாபாரமாக்கிவிடும்.

“அப்போ கிறிஸ்தவரா இல்லாதவங்க நல்லவங்க இல்லையா?” என்பது அடுத்த கேள்வி. இயேசுவே இதற்கு ஒரு கதையால் பதில் சொல்லிவிட்டார். அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் ஒதுங்கிக் கடந்து போகிறார்கள். வேறு வழிபாட்டைச் சேர்ந்த, யூதர்கள் ஏறிட்டும் பார்க்காத சமாரியன் ஒருவன் நின்று, காயம் கட்டி, சத்திரத்துக்குத் தூக்கிப் போகிறான். கதையின் நாயகன் அவன்தான். நன்மை எங்களிடம் மட்டுமே இருக்கிறது என்று சொல்லக் கிறிஸ்தவருக்கு அனுமதி இல்லை. எங்களிடம் இருப்பது ஒரு நன்றி. அழைத்தவர் யார் என்று தெரிந்த நன்றி.

“சேர்ந்து சாப்பிட்டாப் போதுமா, விசுவாசம் எதுக்கு?” என்றும் கேட்கலாம். சமபந்தி விருந்தை அரசும் நடத்துகிறது, இயக்கங்களும் நடத்துகின்றன. அவை நல்ல காரியங்கள். ஒரு நாள் விருந்துக்கு நல்ல மனசு போதும். ஆனால் ஆயுள் முழுக்க, சொந்தக்காரர்கள் முகம் கோணினாலும், நஷ்டம் வந்தாலும், பந்தியை விட்டு எழாமல் இருக்க ஆழமான காரணம் ஒன்று வேண்டும். கிறிஸ்தவருக்கு அந்தக் காரணம் சிலுவை. என்னை ஏற்றுக்கொள்ள ஒருவர் உயிரைக் கொடுத்தார் என்று நம்புகிறவன், இன்னொருவரை ஏற்றுக்கொள்ளத் தன் கௌரவத்தையாவது கொடுக்க வேண்டும். சகேயுவிடம் அது பணத்தைக் கேட்டது. பேதுருவிடம் நல்ல பெயரைக் கேட்டது. தேவசகாயத்திடம் உயிரையே கேட்டது.

இந்த அளவுகோலை வைத்து, இவர் மெய்யான கிறிஸ்தவர், அவர் போலி என்று மற்றவரை அளந்துகொண்டு போகக் கூடாது. கோதுமையும் களையும் ஒன்றாக வளரட்டும், அறுவடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது இயேசுவின் உவமை. அளவுகோல் அவரவர் தம்மைத் தாமே அளந்துகொள்ள மட்டும்தான்.

வேறு மதத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் கோயில்களின் உயரத்தையோ பள்ளி, மருத்துவமனைகளின் எண்ணிக்கையையோ வைத்து எங்களை மதிப்பிடாதீர்கள். எங்கள் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து மதிப்பிடுங்கள். குறை தெரிந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

என் சபை மக்களுக்கு ஒரு வேண்டுகோள். திருவிருந்தில் உங்களுக்கு அடுத்து முழங்காலிட்டவரின் வீட்டுக்கு, அது எந்தத் தெருவில் இருந்தாலும், குடும்பத்தோடு போய்ச் சாப்பிடுங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு அழைத்து, நீங்கள் சாப்பிடும் தட்டிலேயே பரிமாறுங்கள். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போது சாதி என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடியுங்கள். கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருந்தால், சபைக் கூட்டத்தில் எழுந்து அதை இடிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்து உட்கார வைத்த பந்தியிலிருந்து ஒருவரை எழுப்பிவிட்டு நம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.